பத்துப் பேர் இருந்தால்தான் அந்த விலை

1

அன்று பூந்தமல்லி டிராவல்ஸ் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் ஹாஜா மொய்தீன், கணினியில் பெயர்களைப் பதிவு செய்த அவர் மகள் ஷாகிதா, நான், என் மனைவி பொன்னியம்மா, என் தம்பி பரந்தாமன். ஆறாவதாக யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். வேறு இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கோலாலம்பூரில் என் தங்கை ராதிகாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது." சரியான வாக்கியம்தான். ஆனால் கதை கோலாலம்பூரில் நடக்கவில்லை. அடித்துவிட்டேன். பிறகு இப்படி:

நானும் பரந்தாமனும் பேசிக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. கள்ளிக்குப்பம் மனையை அவன்

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. வீட்டு விஷயம். நாங்கள் பேசுவதில்லை என்பது உங்களுக்குப் போதும்.]

2

[விளக்கம்: ஒரே விமானத்தில் பத்து இருக்கைகளை மொத்தமாக எடுத்தால் விலை குறையும். குரூப் டிக்கெட் என்பார்கள். பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. தனித்தனியாக வருகிறவர்களைச் சேர்த்துப் பத்தாக்குவதுதான் ஹாஜா மொய்தீனின் தொழில். ஆள் குறைந்தால் அந்த விலை யாருக்கும் இல்லை.]

எங்கள் பத்தில் ஆறு பேர் ஆவடியிலிருந்து சுற்றுலா போகிறவர்கள். நானும் பொன்னியம்மாவும் இரண்டு. மீதி இருவர் யாரென்று நான் கேட்கவில்லை. வானகரத்தில் இருக்கும் பரந்தாமனும் அதே கல்யாணத்துக்காக, அதே கடையில், தனக்கும் தன் மனைவிக்கும் முன்பணம் கட்டியிருந்தான். பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் இருவரும் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றோம்.

எங்கள் பாஸ்போர்ட்டுகளில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், வேம்புலி என்று இருக்கும். ஷாகிதா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா, இவுரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"ஒரே அப்பா," என்றேன்.

3

பரந்தாமனை எப்படி வர்ணிப்பது என்பதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. முதல் வரைவில் அவனுக்குத் தொப்பை இருந்தது. பொன்னியம்மா படித்துவிட்டு, "அவுருக்கு எங்கங்க தொப்பை கீது? உங்க கோவத்த அவுரு வயித்துல வெச்சி ஊதாதீங்க" என்றாள். எடுத்துவிட்டேன். அவன் ஒல்லி. சென்னை பாடி பகுதியில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிய பிறகு இன்னும் ஒல்லி.

இருவரும் ஹாஜா மொய்தீன் வழியாகவே பேசினோம்.

"பாய், அந்த ஆளு வர்ற பிளைட்ல நான் ஏற மாட்டேன். எங்க ரெண்டு பேரையும் எடுத்துடுங்க," என்றேன்.

"அண்ணாத்தே, நீங்க போனா எட்டு. எட்டுக்கு இந்த ரேட்டு கெடையாது. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு ஆள நான் எங்கேர்ந்து புடிப்பேன்?"

"பாய், அவுருக்கு ஜன்னல் சீட்டே குடுத்துடுங்க," என்றான் பரந்தாமன். "மூஞ்சிய அந்தப் பக்கமே வெச்சிகினு வரட்டும்."

"ரெண்டடி தள்ளி கீறாரு, நீயே சொல்லு பரந்தாமா. நான் டிக்கெட்டுக்குதான் கமிஷன் வாங்குறேன், தூதுக்கு இல்ல."

ஷாகிதா சிரிப்பு வந்து கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து மகன் ஜெகதீசனுக்குப் போன் செய்தேன்.

"இதுக்கு ஏம்பா டென்ஷன்? உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் தனியா டிக்கெட் போட்டுட்றேன். நீங்க உள்ள போயி பேர எடுக்கச் சொல்லுங்க."

கல்யாண வாரத்தில் தனி டிக்கெட்டின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. என் மகனால் முடியும். பரந்தாமனால் முடியாது. அதாவது, நான் பெயரை எடுத்தால் நான் போவேன், அவன் போக மாட்டான். மணவறையில் தாய்மாமனாக நான் ஒருவன் மட்டும் நிற்பேன். இதை யோசித்துக்கொண்டு சாலையில் கொஞ்ச நேரம் நின்றேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

4

எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய நினைவை வைப்பார்கள். ஒரே சைக்கிளில் அண்ணனும் தம்பியும் போவது போல. நானும் எழுதிப் பார்த்தேன். [எங்கள் வீட்டில் சைக்கிளே இருந்ததில்லை.]

எனக்குத் தோன்றியது கல்யாண மண்டபம்தான். மாப்பிள்ளை வீட்டார், இன்னொரு தாய்மாமன் எங்கே என்று கேட்பார்கள். டிக்கெட் வாங்க வசதியில்லை என்று ராதிகா சொல்ல வேண்டியிருக்கும். வேம்புலி பெற்ற பிள்ளையைப் பற்றி, வெளிநாட்டில், சம்பந்திகள் முன்னால் அப்படி ஒரு பேச்சு. அதை நான் அனுமதிக்க முடியாது. இதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

உள்ளே போனேன்.

"பேரு இருக்கட்டும்மா," என்றேன் ஷாகிதாவிடம். "பத்து வருதா பாரு."

"வருது மாமா."

 

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் விமானத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த இருக்கை. அவன் தூக்கத்தில் என் தோளில் சாய்கிறான். பொன்னியம்மாவுக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்றில் சீர்வரிசைத் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பேசாமல் மணவறை வரை நடக்கிறோம். மூன்றாவதில் கோலாலம்பூரில் இறங்கியதும் ஆளுக்கொரு டாக்சி. இவற்றில் ஒன்று நடந்தது. எது என்று சொல்லப் போவதில்லை. பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விட முடியாது. அன்று பரந்தாமன் என் காலில் விழுந்து, பெயரை எடுத்துவிடாதே என்று அழுததாக எங்கள் கள்ளிக்குப்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவன் விழவில்லை. அழவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரை நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.