கை ஒன்று சொல்ல, தோள் ஒன்று சொல்ல

மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் தினமும் எட்டு மணி நேரம் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், கையால்.

ஒருவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவர். பதினெட்டு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அங்கே ‘மேகம்’ என்று பெயர். இன்னொருவர் தரையில் நின்று, எதைத் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கையைக் காட்டுபவர். அவர் ‘சைகை’. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, கையைப் பக்கவாட்டில் வீசினால் நிறுத்து. இப்படி இருபது அடையாளங்கள். மேகம் கட்டியிருப்பது சைகையின் தங்கையை.

சண்டைக்குக் காரணம் ஒரு கார். சைகையின் மகள் பிறந்தநாளுக்கு மேகம் புதுக் காரில் வந்தார். சைகை வீட்டுக் கேட்டுக்குள் நுழைக்கும்போது தூணில் உரசிவிட்டார். சைகை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால்தானே?

“ஆகாயத்துல உக்காந்துகிட்டு ஜன்னலுக்குள்ள கண்ணாடியை நுழைப்பாரு. தரைக்கு வந்தா சொந்த வண்டி கேட்டுக்குள்ள நுழையாது.”

சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. மேகம் கேக் வெட்டும்வரைகூட நிற்கவில்லை.

புதன்கிழமை காலை, கம்பிக்கட்டு ஒன்று ஆறாவது மாடிக்கு மேலே போய்ச் சேர்ந்திருந்தது. பொறியாளர் மேடம் சைகையின் பக்கத்தில் நின்று, “இறக்கச் சொல்லுங்க, நேரமாகுது” என்று அவசரப்படுத்தினார். சைகை விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். கம்பிக்கட்டு அசையவில்லை. மறுபடி சுழற்றினார். அப்படியே தொங்கியது.

மேடம் வாக்கி-டாக்கியை எடுத்தார். “ஏன் நிறுத்திட்டீங்க? கை சரியாத்தானே காட்டுறாரு?”

“கை இறக்குன்னு சொல்லுது மேடம். தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது. அது வேணாங்குது. எதுக்கும் கம்பிக்கட்டைப் பாக்கச் சொல்லுங்க.”

பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் கயிறு நழுவியிருந்தது. இன்னும் நாலடி இறங்கியிருந்தால் கம்பியெல்லாம் சரிந்திருக்கும். சைகைக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றியது உண்மை. எது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, அவரு வேற சைட்டுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மேடம் அதைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிடுவாங்க. போச்சுன்னா போச்சு.”

“போகட்டும். எனக்கென்ன?”

“உனக்கென்னவா? இன்னிக்குக் காலையில நடந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு. வாய்ல முத்து உதிர்ந்துடாது.”

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கொட்டகையில் மேகத்தின் எதிரே போய் உட்கார்ந்தார் சைகை. டிபன் பாக்ஸைத் திறந்தார், மூடினார், ஓரத்து ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தபடி இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார்.

“மாப்ளே, அன்னிக்கு நான் பேசினது தப்புதான். மன்னிச்சிடுங்க.”

மேகம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எதைப் பார்த்து மன்னிப்புக் கேக்குறீங்க மச்சான்? என்னையா, ஊறுகாயையா?”

“உங்களைத்தான்.”

“முகவாய் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. கை கட்டிக் கெடக்கு. ஒன்பது வருஷமா உங்க உடம்பைப் பாத்துத்தான் எனக்குச் சோறு. அதுகிட்ட பொய் சொல்லாதீங்க.”

எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் புதிய கிரேன்காரர் வந்தார். மேகம் கிளம்பினால் திங்கட்கிழமை முதல் அவர்தான். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டட்டும் என்று மேடம் அவரை மேலே அனுப்பினார். மேகம் கீழே இறங்கி, மணல் குவியல் பக்கத்தில் நின்றார்.

ஜன்னல் சட்டங்களை ஒரு கட்டாகத் தூக்கி, பலகை அடுக்குக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். கட்டு லேசாக ஆடியபடி வந்தது. அடுக்கைத் தாண்டிவிட்டதா? தாண்டியது போலத்தான் இருந்தது. சைகையின் தோள்கள் மெல்ல ஏறின. விரல் மட்டும் பழக்கத்தில் கீழே நோக்கிச் சுழன்றுகொண்டே இருந்தது.

கட்டு இறங்கியது. நேராகப் பலகை அடுக்கின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு பலகைகளை முறித்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. சைகை அப்போதுதான் விரலைக் கீழே போட்டார்.

வாக்கி-டாக்கியில் புதியவர் நிதானமாகச் சொன்னார்: “இறக்குன்னு காட்டினாரு. இறக்கினேன்.”

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேடமும் சொல்லவில்லை.

சைகை நேரே மணல் குவியலுக்கு நடந்தார். மணி நாலரை.

“மாப்ளே, மதியம் சொன்னது பொய்தான்.”

“தெரியும்.”

“நீங்க தூணுல இடிச்சது இடிச்சதுதான். அதுக்கு இப்பவும் எனக்குச் சிரிப்பு வருது. அதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்க வராது.”

“சரி.”

“ஆனா எங்க அப்பா, சித்தப்பா எல்லாரும் நிக்கிற இடத்துல சொல்லியிருக்கக் கூடாது. உங்க முகம் செத்துப்போச்சு. அதைப் பாத்தேன். பாத்தும் நிறுத்தலை. அதான் மூணு மாசமா உறுத்துது.” சைகை ஒரு மூச்சு விட்டார். “இன்னொண்ணு. சந்தேகம் வந்தா கையை வீசி நிறுத்துறதே எனக்கு மறந்துபோச்சு. நீங்கதான் பாத்துப்பீங்களேன்னு இருந்துட்டேன். இப்பப் பயமா இருக்கு.”

பழக்கத்தில் மேகத்தின் கண் சைகையின் தோளுக்குப் போனது. இரண்டும் கீழே, தளர்ந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கைகள் திறந்து தொங்கின.

“திங்கக்கிழமையிலேருந்து சந்தேகம்னா கையை வீசணும்” என்றார் மேகம். “என் கண்ணுக்கும் அம்பது வயசாகுது. உங்க தோளையே எத்தனை நாள் படிக்கிறது?”

“அப்ப லெட்டரு?”

மேகம் அதற்குள் பொறியாளர் அறையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். சைகை பின்னால் ஓடினார்.

மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “இன்னும் அனுப்பலை. என்ன, ரெண்டு பேரும் சமாதானமா?”

“இல்ல மேடம்” என்றார் மேகம், கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டே. “இன்னும் சண்டை முடியலை. வேற சைட்டுக்குப் போயிட்டா எப்படிப் போடுறது?”

ஐந்தே காலுக்குச் சைகையின் போன் அடித்தது. தங்கை. எடுத்தார், பேசுவதற்குள் பக்கத்திலிருந்து மேகம் கேட்டார்: “அந்தத் தூணு கேட்டுக்கு நடுவுல இருக்குது மச்சான். எந்தக் கொத்தனார் கட்டினான்?”

“நடுவுலயா? ஓரத்துல இருக்கு. அளந்து காட்டவா?”

“அளங்க. நானும் வரேன்.”

அந்தப் பக்கம் தங்கை ஒரு நிமிடம் இருவரையும் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.