பதினொரு சாக்கு இலைகள்

1

ஒரு பெண்ணின் பதினொரு மாத வேலையை நான் எரித்தேன். கதையாக எழுதினால் குற்றம் கொஞ்சம் குறையும் என்ற ஆசையில் பிறந்தது இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘குச்சவெளிக் களப்பின் மீது காலை இளவெயில் மெல்ல…’

(வெட்டிவிட்டேன். அன்று நான் வெயிலைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு விருந்தினர் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. சிரமதானம். எல்லோர் கையிலும் ஈர்க்குமாறு.)

2

சுஹைரா கிண்ணியாக்காரி. மரநடுகைத் திட்டத்தின் கள உதவியாளர். திட்டம் நடப்பது களப்பின் உப்புநீர் ஓரம், இறால் வளர்க்க வெட்டிக் கைவிட்ட நிலத்தில். பாதி மக்கிய இலைகள் ஆளுயரத்துக்குப் படிந்த கறுப்புச் சேறு. அதில் ஊர்க் கண்டல் மரங்களைத் திரும்ப நட்டு ஆறு வருடம். அவை மெதுவாக வளர்கின்றன என்பதால், பிடுங்கிவிட்டு, உரம் போட்டு, வேகமாக வளரும் வேறு மரம் நடத் திட்ட அலுவலர் தவராசா முடிவெடுத்திருந்தார்.

“மண்ணில சத்து இல்லைப் பிள்ளை. மரம் என்னத்தைத் தின்னும்?”

“அதுட இலையத்தான் சேர். பழுத்து விழ முதல், இலைக்குள்ள இருக்கிற நைதரசன், பொசுபரசு எல்லாத்தையும் திருப்பி எடுத்துப் புது இலைக்குக் குடுக்கும். வெறுங்கோதைத்தான் கீழ போடும்.”

“அப்ப எங்கட கந்தோரைவிடச் சிக்கனம்.”

“ஓம் சேர். வாகனமும் கேக்காது.”

நிரூபித்தால் மரங்களை விட்டுவிடுவதாகச் சொன்னார். அவள் மரங்களின் கீழ் வலை கட்டிப் பழுத்த இலைகளைச் சேர்த்தாள். மாதம் ஒரு சாக்காகக் கொட்டிலில் காயவைத்தாள். பச்சை இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுகூடம் ஒன்று திகதியும் கொடுத்திருந்தது.

3

நான் திட்டத்தின் சிறுநூலை எழுத வந்தவள்.

“மிஸ், அந்தக் கொட்டிலையும் ஒருக்காத் துப்புரவாக்குங்கோ. வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி அங்கதான்,” என்றார் தவராசா. சுஹைரா அப்போது விருந்தினரை அழைத்துவர நகரத்துக்குப் போயிருந்தாள்.

முதல் வரைவு: ‘சாக்குகளில் குப்பை இருப்பதாகவே நான் நினை’

இரண்டாம் வரைவு: ‘அவற்றில் ஏதும் எழுதியிருந்ததாக எனக்கு ஞாபகம்’

எழுதியிருந்தது. தை, மாசி, பங்குனி என்று நீல மையில். வாசித்தேன். இலைதானே என்று ஒவ்வொன்றாக, குப்பைக்கு மூட்டியிருந்த நெருப்பில் கவிழ்த்தேன். களப்பின் மீதுள்ள காதலைப் பற்றி அதே வாரம் சிறுநூலில் நாலு பந்தி எழுதியிருந்தேன்.

(தவராசா மீது கோபப்பட்டு மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. கிழித்துப்போட்டேன்.)

4

முடிவு ஒன்று: சுஹைரா என்னை மன்னிக்கிறாள். இதைத் தொலைபேசியில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

“நான் எப்ப மிஸ் உங்கள மன்னிச்ச?”

“கதைக்காகத்தான்…”

“கதை கிடக்கட்டும். நான் ஒண்டும் சேர்க்கவே இல்ல என்டு அறிக்கையில போட்டுட்டாங்க. இலை இருந்தது, நீங்கதான் எரிச்ச என்டு ஒரு கடிதம் தாங்க. திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் கேக்கலாம். இல்லாட்டி திங்கக்கிழமை மரம் புடுங்க பெக்கோ மெசின் வருது.”

“கடிதம் தந்தா எனக்கு இந்த வேலை…”

“ஓம். போகும்.”

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

முடிவு இரண்டு: பெக்கோ வருகிறது, மரங்கள் சாய்கின்றன, நான் கரையில் நின்று அழுகிறேன். அழகாகத்தான் வந்திருக்கிறது. அதுவே அருவருப்பாக இருக்கிறது.

5

இன்று வெள்ளி. மூன்று நாளாக இந்தக் கதையைத் திருத்துகிறேன். கடிதத்துக்கு ஐந்து வரி போதும். ஒரு வரியும் எழுதவில்லை. இங்கே ஒரு முடிவு எழுதிவிட்டால் நெஞ்சு ஆறிவிடும். ஆறிய நெஞ்சோடு நான் கடிதம் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே நிறுத்திவிட்டு வேறு தாள் எடுக்கிறேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தத் திங்கள் கடந்திருக்கும். களப்போரம் போய்ப் பாருங்கள். மரங்கள் அங்கே இல்லையென்றால், நான் கடிதம் எழுதவில்லை. வேறு தாள் எடுக்கிறேன் என்ற வரியையும் நல்ல வரி என்பதற்காகத்தான் எழுதினேன் என்று அர்த்தம்.