குராத்தா கடைக்குச் சொன்ன சொல்

1974 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்ண் நகரத்துக் குராத்தா பழம்பொருள் கடையிலிருந்து இந்திரகுமார் மூன்று தடவை வெளியேறினார். மூன்று தடவையும் அதே கடைக்குள் வந்து நின்றார். முதல் தடவை டிராமை விட்டு இறங்கியபோது காலடியில் கடையின் கோரைப்பாய் இருந்தது. இரண்டாம் தடவை டாக்சியில் ஏறி உட்கார்ந்தவருக்கு இரு பக்கமும் பூச்சாடிகள். மூன்றாம் தடவை பின்வாசலால் ஓடிப் பார்த்தார், முன்வாசலால் வந்தார். அவருக்கோ அவசரம். மனைவி ரஞ்சினி கொழும்பிலிருந்து நாலு மணிக்கு வந்திறங்குகிறார். இந்த ஊரில் ரஞ்சினிக்கு வேறு ஒருவரையும் தெரியாது. அவர் உட்காரவென்று ஒரு கதிரை வாங்கத்தான் இந்திரகுமார் கடைக்குள் நுழைந்ததே.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. எண்பது வருடத்துக்கு முன் ஒரு ஜப்பானியக் கம்பளி வணிகர் தன் ஊர்த் தச்சர்களைக் கொண்டு கட்டிய வீட்டில்தான் அந்தக் கடை இருந்தது. ஆணி கிடையாது. ஒரு மரத்தில் நாக்கு, அடுத்ததில் அதற்கு அளவான வாய், மாட்டினால் விடாது. அந்த வீட்டார் வெளியே கிளம்பும்போது ஜப்பானிய மொழியில் "போய் வருகிறேன்" என்பார்கள், சொன்னபடி வந்தும்விடுவார்கள். வீடு அதற்குப் பழகிவிட்டது. ஆங்கிலத்தில் குட்பை சொன்ன வாடிக்கையாளர்களை அது பேசாமல் விட்டுவிட்டது. இந்திரகுமாரோ வாய்ப்பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் அதே பொருள்பட "போட்டு வாறன்" என்றார்.

"போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், விட்டுவிடும்," என்றார் கடைக்கார அம்மையார் ஹனாயே, ஆங்கிலத்தில்.

"மனிசி வாற நாளிலயோ? செத்தாலும் சொல்லமாட்டன்," என்று தமிழில் முணுமுணுத்தவர், ஆங்கிலத்தில் "முடியாது" என்றார்.

"அப்படியானால் எப்போது வருவீர்கள் என்றாவது சொல்லுங்கள். நேரம் தெரியாததால்தான் வீடு அவசரப்படுகிறது."

இந்திரகுமார் நடுத்தூணைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு ரஞ்சினியோட வாறன்."

கதவு தானாகச் சறுக்கித் திறந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க அவர் விமான நிலையத்தில் நின்றார். ஐந்து மணிக்கு, நோபிள் பார்க்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போகவேண்டிய டாக்சி இருவரையும் பெட்டிகளோடு கடை வாசலில் இறக்கியது.

"என்னப்பா, வீடெண்டு எழுதினியள். இது கடையெல்லோ?" என்றார் ரஞ்சினி. ஹனாயே தேநீர் ஊற்றினார். ரஞ்சினிக்குக் கதிரை பிடிக்கவில்லை, கடை பிடித்துக்கொண்டது.

எந்த நாள் ஐந்து மணி என்று சொல்ல இந்திரகுமார் மறந்திருந்தார். ஆகவே மறுநாள் ஐந்து மணிக்கும் இருவரும் அங்கே நின்றார்கள், ரஞ்சினி கையில் அகப்பையோடு. அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒரு நாளும் தவறவில்லை, சிட்னிக்குச் சுற்றுலா போயிருந்த கிழமை உட்பட. ஹனாயே ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். ரஞ்சினி ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க அடுப்பை அணைத்து, செருப்பைப் போட்டு, வடைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி நடுவில் நிற்கப் பழகினார்.