குண்டூசி குத்திய இடம்

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியுமா? தோட்டத்துப் பெண் பஞ்சாலையைக் கடித்தது தேள்கூட இல்லை, வெறிநாய்.

மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குப் போகாமல் காவல் வைத்திருந்தார்கள்; கொடுத்துப் பிடிபட்டால் சிறை. காட்டில் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்டுகளில் ஒருவன் அவள் தம்பி சன்னாசி. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கு வெளியே கையை விட்டு அரிசி முடிச்சை வைத்தபோதுதான் நாய் மணிக்கட்டைக் கவ்வியது. அதன் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் சிரம்பானிலிருந்து மிருக வைத்திய இலாகாவின் சிவசிதம்பரம் வந்தார். தோட்டத்து வரைபடத்தை ஆபீஸ் மேசையில் விரித்து, கடிபட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாய் கடித்த இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி. அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் திரியும் நாய்களைச் சுடுவார்கள். பக்கத்தில் போலீஸ் சார்ஜன் தங்கராஜு துப்பாக்கியோடு நின்றிருந்தார்.

"பயப்படாதேயும் பிள்ளை, உமக்கு மருந்து கட்டாயம் ஏத்துவினம். எவ்விடத்திலை கடிச்சது?" என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார் சிவசிதம்பரம்.

"கொழாயடியில ஐயா."

குண்டூசி குழாயடியில் இறங்கியது.

"ஆயாக் கொட்டகை எங்க ஐயா இருக்கு?"

அவர் வட்டத்துக்கு வெளியே விரலை வைத்தார். "அந்தப் பக்கம் ஒருத்தரும் கடிபடேல்லை. சுடுற ஆக்கள் இப்ப அங்கை போகமாட்டினம்."

அவளுடைய லெட்சுமி அங்கேதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளை மட்டும் தூக்கி வந்துவிடலாமா என்று நினைத்தாள். பெற்ற மனத்துக்குள் அப்படியொரு கள்ளத்தனமும் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை.

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுத் தாயம்மா பெருமூச்சு விட்டாள். "நல்ல வேள, நம்ம புள்ளைங்க தப்பிச்சிருச்சுங்க லா."

பஞ்சாலை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "குண்டூசியப் புடுங்குங்க ஐயா. கொழாயடி இல்ல. கொட்டகைக்குப் பின்னால, வேலியோரம்."

சிவசிதம்பரம் குண்டூசியைப் பிடுங்கினார். தங்கராஜு அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். பல் பதிந்த இடத்துக்கு மேலே முள்கம்பி கிழித்திருந்தது.

"வேலிக்கு வெளிய எதுக்குக் கைய விட்ட?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்றேன் சார்ஜன். மொதல்ல கொட்டகைக்கு ஆள அனுப்புங்க."