கூட்டி வைத்த காற்று

சுருளியாண்டியின் ஜீப்பிலிருந்து போன வாரம் இரண்டு பெண்கள் கர்ணனின் ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பேர்தானே என்று விட்டுவிட முடியாது. ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கொத்தாகத்தான் போவார்கள், மாறினாலும் கொத்தாகத்தான் மாறுவார்கள். அந்தக் கொத்துக்குத் தலைவி சந்தனம்மாள். அவள் மனசு மாறினால், ராயப்பன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டுக்கு அவன் வெறும் சீட்டைத்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

காரணம் என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தான். கர்ணனின் வண்டி புதுசு. மலை ஏறுகிற மெட்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு வந்தாலே சுருளியாண்டியின் ஜீப் இழுக்க மாட்டாமல் முதல் கியரில் முக்கும். அந்த நேரம் பார்த்துக் கர்ணன் ஆரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போவான். பிந்திப் போகிற வண்டியில் உட்கார யாருக்குப் பிடிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் அஜய்குமாரின் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கச் சொல்லி வண்டியை உள்ளே விட்டான்.

"தம்பி, டர்போ பிரஷரக் கூட்டி வையி. கர்ணன் என் புகையத்தான் பாக்கணும்."

"புகைய மொதல்ல பாக்குறது ஒங்க வண்டியில பின்னாடி ஒக்காந்திருக்கவுகதான்ணே," என்றான் அஜய்குமார்.

டர்போவின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்றழுத்தம் ஓர் அளவை எட்டியதும் அது திறந்து, டர்போவைச் சுற்ற வைக்கிற புகையில் ஒரு பங்கை வேறு வழியாக வெளியே விட்டுவிடும். அந்தக் கதவைத் திறக்கிற கம்பியின் நட்டைத் திருகிக் கம்பியைக் குட்டையாக்கினால் கதவு லேசில் திறக்காது. டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்றுக்குத் தக்கபடி பம்பில் டீசலையும் கூட்ட வேண்டும். இழுவை கூடும், சூடும் கூடும்.

அஜய்குமார் பிரஷர் மீட்டரை மாட்டி, கொஞ்சம் திருகி, ஓட்டிப் பார்த்து, நிறுத்தினான்.

"இன்னொரு சுத்து விடு."

"சூட்டுல இஞ்சின் ஹெட் கேஸ்கட் போயிரும்ணே. கல்லு ஏத்துற வண்டியா இது? ஆளு ஏத்துறது."

"ஒரே ஒரு சுத்து தம்பி."

"அப்புறம் எங்கயாச்சும் நின்னுட்டா என் பேரச் சொல்லாதீக," என்று திருகிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை விடிகாலை மலை ஏறும்போது சுருளியாண்டிக்கு வயசு குறைந்துவிட்டது. வளைவுக்கு பிரேக் போட்டு, திரும்பி, மிதித்தால், ஒரு கணம் வண்டி சும்மா இருக்கும். அப்புறம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி பாயும். பாதி மலையில் கர்ணனைத் தாண்டினான். பின்பக்கம் சத்தமே இல்லை. அசந்து போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

மெட்டில் நிறுத்தியதும் முதலில் குதித்த ஜான்சி ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தாள். சேலைக்கு மேல் அவள் போட்டிருந்த புருஷனின் வெள்ளைச் சட்டையில் கரி. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"ஏலே சுருளி, மண்டையில ஏதும் கழண்டு போச்சாடா ஒனக்கு?" என்றாள் சந்தனம்மாள்.

"என்ன மதினி, கர்ணன முந்தி வந்திருக்கம்ல?"

"முந்தி வந்து? காட்டுக்காரன் மாலையோட நிக்கிறானா? தோட்டத்துக் கேட்டே இன்னும் தொறக்கல, பாரு."

ஜான்சி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மூணு மணிக்கு எந்திரிச்சு, சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வச்சிட்டு வாரோம்ணே. இந்த மலை ஏறுற நேரந்தான் நாங்க கண்ண மூடுறதே. ஒங்க வண்டி தொட்டில் மாதிரி மெதுவா வரும். அதுக்குத்தான் இதுல ஏறுறது."

சுருளியாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப அந்த ரெண்டு பேரும் ஏன் அங்கன போனாக?"

"கடைசி சீட்டுல, தொறந்து கெடக்குற பக்கம் குறுக்குக் கம்பி இல்லைல? தூங்குனா ரோட்டுல விழுந்துருவோம்னு பயந்துக்கிட்டே எத்தன நாளைக்கு வாரது? கர்ணன் வண்டியில கம்பி இருக்கு."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள் சந்தனம்மாள். "கண்ணாடியில கர்ணனையே பாத்துக்கிட்டு வருவ. எங்கள என்னைக்குப் பாத்த? சாயங்காலம் எந்த வண்டியில மலை எறங்குறதுன்னு நாங்க பேசி முடிவு பண்ணிக்கிறோம், போ."

வெறும் வண்டியாக இறங்கி, நேரே உத்தமபாளையத்துக்கு விட்டான். நடந்ததைக் கேட்டு அஜய்குமார் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "கூட்டுனதுல கொஞ்சம் மிச்சம் விட்டு வைக்கட்டாண்ணே? சும்மா, நமக்குன்னு?" என்று கேட்டான்.

கர்ணனைத் தாண்டிய அந்த ஒரு வளைவின் இழுவை சுருளியாண்டியின் வலது காலில் இன்னும் இருந்தது. பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"வேண்டாம். பழைய அளவுக்கே வையி. டீசலையும் கொறச்சிரு."

பக்கத்து வெல்டிங் கடையில் கடைசி சீட்டுக்குக் குறுக்குக் கம்பியைப் பற்றவைத்தார்கள். சூடு ஆறியதும் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினான்.

"அது எதுக்குண்ணே?"

"தலை சாய்ப்பாகள்ல?"

சாயங்காலம் மெட்டில் கர்ணன் முன்னமே வண்டியைப் போட்டு நின்றிருந்தான். "என்ன சுருளி, காலையில ராக்கெட்டு விட்டியாமே?" என்றான். கைகளில் ஏலக்காய் வாசனையோடு பெண்கள் வந்தார்கள். மாறிப்போன இருவரும் கர்ணனின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றார்கள்.

ஜான்சி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ட்யூபை விரலால் அமுக்கினாள்.

"பிரஷரக் கொறச்சிட்டேன் மதினி," என்றான் சுருளியாண்டி. "இனிமே கர்ணன் முந்தித்தான் போவான்."

"போகட்டும், அவனுக்கென்ன கல்யாணமா?" என்ற சந்தனம்மாள், யாரும் விரும்பாத அந்தக் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கம்பி சரி. காலையில ஏறும்போதுதான் மிச்சம் தெரியும். ஏறுங்கடி."

இறக்கத்தில் டர்போவுக்கு வேலையே இல்லை. சுருளியாண்டி கியரிலேயே பிடித்துப் பிடித்து இறக்கினான். நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். ஜான்சி முன்னால் எட்டி அவன் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, வளைவுல மட்டும் லேசா ஆரன் அடிங்க, போதும். கடைசி சீட்டுல அக்கா தூங்கிட்டாக."