பேசிக் காட்டிய பிறகே பகடை

1

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது. தலையில் எழுதிய விதி அல்ல. ஆட்ரா காகிதத்தில் எழுதி, தன் வீட்டு பேஸ்மென்ட் சுவரில் ஒட்டிய விதி:

“பேச்சுத் திறனைப் பயன்படுத்துகிறவர் முதலில் அந்தப் பேச்சைப் பேசிக் காட்ட வேண்டும். பிறகே பகடை.”

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: டுலூத் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம்

வேண்டாம். டுலூத்தில் பனி கொட்டுவது ஒரு செய்தியா?

இன்னொன்று: காவலன் வாளை உருவினான். கடத்தல்காரி வெஸ்பரா சிரித்தபடி

இதுவும் வேண்டாம். வாசகர் உள்ளே வந்ததுமே வாளில் மாட்டிக்கொள்வார். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் நாலு பேர் கூடி விளையாடுகிறார்கள். ஆட்ரா ஆட்டத்தை நடத்துகிறவள். காவலன், அரசி, டிராகன் எல்லாருக்கும் அவள்தான் குரல். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். வாள் வீச, பளு தூக்க, பேசி மயக்க என்று ஒவ்வொரு திறனுக்கும் ஒரு எண். இருபது முகப் பகடையில் விழுந்ததோடு அந்த எண்ணைக் கூட்டினால் காரியம் ஆயிற்றா இல்லையா என்று தெரியும். இதற்கெல்லாம் அச்சடித்த விதிப் புத்தகம் இருக்கிறது. அது போதாமல் வீட்டு விதிகளும் போட்டுக்கொள்வார்கள். ஆட்ராவுக்கு அதில் தனி ஆசை.

2

விதி கர்டிஸுக்காக எழுதப்பட்டது. கர்டிஸ் படகு விற்கிறவன். கடையில் வாய் ஓயாது. ஆட்டத்தில் மட்டும் போனைப் பார்த்தபடி, “காவல்காரனை ஏமாத்துறேன். பதினேழு,” என்று பகடையை உருட்டிவிட்டுச் சீஸ் தட்டை இழுத்துக்கொள்வான். அந்தக் காவலனுக்கு ஆட்ரா ஒரு பல்வலியும் கோபித்துக்கொண்டு போன மனைவியும் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் வீண்.

“போனை வை, வாயைத் திற” என்று அவனிடமே சொல்லியிருக்கலாம். டுலூத் இருக்கும் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் அப்படிச் சொல்லிவிட மாட்டோம். ஒருவர் செய்யும் தப்புக்கு எல்லோருக்குமாக ஒரு காகிதம் ஒட்டுவோம். எந்த அலுவலகத்து ஃபிரிட்ஜிலும் பார்க்கலாம்.

கர்டிஸ் அதைப் படித்தான். “நல்லா இருக்கே. யாரையோ மனசுல வச்சு எழுதின மாதிரி இருக்கு.”

“பொதுவாத்தான் எழுதினேன்,” என்றாள் ஆட்ரா.

அன்றே அவன் காவலனிடம் படகு விற்பதுபோலப் பேசித் தள்ளினான். காவலன் பல்வலியையும் மனைவியையும் பற்றிச் சொல்லி அழுதான். விதி பலித்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் இது கதையே இல்லை.

3

மார்னியை எழுதத் தயக்கமாக இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கூச்ச சுபாவம் என்றதும் அது நான்தானோ என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். மார்னி நான் இல்லை. மார்னிக்கு நாய் இருக்கிறது.*

காபிக் கடையில் வேறு யாருடைய காபியையோ கையில் கொடுத்தால் மார்னி அதையே குடித்துவிட்டு வருவாள். அவளுடைய பாத்திரம்தான் வெஸ்பரா. பூட்டிய கதவைக்கூடப் பேசியே திறக்கவைக்கிற கடத்தல்காரி. மேசையிலேயே பேச்சுக்கு மிக உயர்ந்த எண் அவளுக்குத்தான்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில், ஒரு சுங்கத் தலைவி இவர்களுடைய கப்பலைத் துறைமுகத்தில் சங்கிலி போட்டு நிறுத்திவிட்டாள். எல்லோரும் மார்னியைப் பார்த்தார்கள்.

“வெஸ்பரா அவகிட்டப் பேசுறா,” என்று மார்னி பகடையை எடுத்தாள்.

ஆட்ரா சுவரைப் பார்த்தாள். எழுதியவளே மீற முடியுமா? “சரி, பேசு.”

“நான்... நாங்க வந்து...” மார்னியின் காது சிவந்தது. பகடையைத் திரும்ப வைத்தாள். “விடு. வெஸ்பரா ஒண்ணும் சொல்லல.”

ஆட்டம் அங்கேயே நின்றது. வாசலில் பூட்ஸ் மாட்டும்போது மார்னி கேட்டாள்: “அடுத்த வாரம் நான் வேற ஆள் எடுத்துக்கவா? கரடி மாதிரி ஏதாவது.”

“அப்ப வெஸ்பரா?”

“ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிடு.”

ஆட்ராவுக்குப் புரிந்தது. கரடி கொஞ்ச நாள் உறுமும். பிறகு மார்னிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு மேசையைவிட்டு எழுந்துபோவதும் மரியாதையாகத்தான்.

* அவளுக்கு நாயை நான்தான் கொடுத்தேன். சந்தேகம் வரக்கூடாதே என்று.

4

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மார்னி எழுந்து நின்று கணீரென்று பேசுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஆட்ராவின் கண்கள்

அடித்துவிட்டேன். கூச்சம் ஜுரம்போல இறங்கிவிடும் கதைகளைக் கூச்சமுள்ளவர்கள் நம்புவதில்லை.

இன்னொன்றில் ஆட்ரா காகிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். கர்டிஸ் போனுக்குத் திரும்பிவிடுகிறான். விதி யாருக்காகப் போனது என்று எல்லோருக்கும் தெரிகிறது. மார்னிக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

5

மூன்றாவது, டேலிடமிருந்து வந்தது. வீடுகளில் ஹீட்டர் பழுது பார்க்கிறவர். ஆட்டத்தில் கோடரி வீரர். இதுவரை அவரை மறந்தே போயிருந்தேன்.

ஞாயிறு வந்தது. மார்னி கரடியைப் பற்றி எழுதிய தாளோடு உட்கார்ந்திருந்தாள். டேல் சுவரைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“துறைமுகச் சங்கிலியை நான் தூக்கிடுறேன். கப்பல் போயிடும்.”

“போடுங்க பகடையை,” என்றாள் ஆட்ரா.

“பேசுறவங்க பேசிக் காட்டணும்னா தூக்குறவன் தூக்கிக் காட்டணும்ல? கர்டிஸ், அந்த சோஃபாவுல உக்காரு.”

“பெருசு, உன் முதுகு தாங்காது.”

“உக்காருடா.”

சோஃபாவின் ஒரு முனை கட்டைவிரல் அளவு எழுந்தது. பிறகு இறங்கியது. டேல் மட்டும் நிமிரவில்லை.

“இறங்குடா,” என்றார் குனிந்தபடியே.

“நான் எங்க ஏறினேன்?”

மார்னிதான் முதலில் சிரித்தாள். டேல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டத்துல என் பலம் பதினெட்டு. என் முதுகு ரெண்டு. அதுக்குத்தானே இங்க வர்றேன்.”

ஆட்ரா பேனாவை எடுத்துப் போய் விதியின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘அல்லது, பாத்திரம் என்ன பேசியது என்று சொன்னால் போதும்.’ திரும்பி வந்து மார்னியைப் பார்த்தாள்.

“வெஸ்பரா மாதிரி நீ பேச வேணாம். அவ சுங்கத் தலைவிகிட்ட என்ன சொன்னா? அத எனக்குச் சொல்லு.”

மார்னி கரடித் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். கர்டிஸ் குறுக்கே பேசவில்லை. அவனிடம் படகு வாங்கியவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

“அவ... முதல்ல ஒண்ணும் சொல்லல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. அப்புறம் அவ சொன்னா...”

6

‘நான்’ என்பதை ‘அவள்’ என்று வைத்துக்கொண்டால் எவ்வளவோ சொல்லிவிடலாம். நானும் அப்படித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

வெஸ்பரா சொன்னதை நான் எழுதப் போவதில்லை. சுங்கத் தலைவி லஞ்சம் வாங்காதவள். மிரட்டினால் மசிய மாட்டாள். காலையிலிருந்து அவளிடம் எல்லோரும் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறார்கள். இப்போது எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் என்ன சொன்னாள்? நீங்கள் சொல்லுங்கள். பேசிக் காட்ட வேண்டாம்.