இடது பக்கம் இழுக்கும் கார்

ஜெபமணியும் இஸ்மாயிலும் ராலிப் பந்தயங்களுக்கு ஓட்டிய வெள்ளைக் காருக்கு ஒரு கெட்ட குணம். பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுக்கும். தொண்ணூற்று மூன்றில் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து இப்படித்தான். கசார்வாடியில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இஸ்மாயில் எத்தனையோ முறை பிரித்து மாட்டியும் அது திருந்தவில்லை. ஜெபமணியின் கைதான் திருந்தியது. கால் பிரேக்குக்குப் போகுமுன்பே ஸ்டீயரிங்கை ஒரு விரல் வலது பக்கம் திருப்பிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் இஸ்மாயிலும் அதே கணம் வலது பக்கம் சாய்வான். இருவர் தோளும் இடித்துக்கொள்ளும். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. பிம்ப்ரி ஃபேக்டரியில் வாரமெல்லாம் லேத்தில் நின்ற ஜெபமணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் சொர்க்கம்.

இரண்டாயிரத்து ஒன்றில் மும்பை அணி ஒன்று தன் புதுக் காரை ஓட்ட ஆள் தேடியது. சாகண் பக்கம் ஒரு மைதானத்தில் சோதனை. புதுக் காரில் டிஸ்க் பிரேக், விறைப்பான சஸ்பென்ஷன். முதல் வளைவிலேயே ஜெபமணியின் கை பழக்கதோஷத்தில் வலது பக்கம் திருப்ப, வரிசையாக வைத்திருந்த கூம்புகளெல்லாம் சாய்ந்தன. மேனேஜர் பெரிய மனது பண்ணி அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். அதையும் விட்டால் முப்பத்தாறு வயதுக்காரனை அப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள்?

“உமக்குக் கையக் கட்டிப்போடணும் வே” என்றான் இஸ்மாயில்.

தன் மச்சானின் புதுக் காரை இரவல் வாங்கி வந்தான். தினமும் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் ஓட்டம். கை வலது பக்கம் அசையும்போதெல்லாம் மணிக்கட்டில் இஸ்மாயிலின் அடி.

“இது நம்ம சண்டி இல்ல வே! நேராத்தான் போவும், நம்பும்!”

ஆறு நாளில் மணிக்கட்டு வீங்கியது, கை அடங்கியது. சனிக்கிழமை இடமும் கிடைத்தது. வழி சொல்ல அந்த அணியில் வேறு ஆள் இருந்தான். இஸ்மாயிலுக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் அடித்திருக்கிறான்.

நாலு வருஷம் கழித்து, பழைய காரை விற்றுவிடப் போவதாக இஸ்மாயில் ஆள் அனுப்பினான். ஜெபமணி ஓடி வந்தான். கடைசியாக இருவரும் ஒரு சுற்று. அதே கிழிந்த சீட், அதே பெட்ரோல் வாசனை. மேடு இறங்கியதும் கார் தொட்டில் மாதிரி ஆடியது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஒர்க்‌ஷாப் வாசலில் பிரேக் மிதித்தான். கார் இடது பக்கம் இழுத்தது. கை சும்மா கிடந்தது. கேட் தூணில் மோதி ஹெட்லைட் நொறுங்கியது.

ஜெபமணி தன் கையைப் பார்த்தான். “மறந்துபோச்சு வே. இந்தக் கைக்கு எல்லாம் மறந்துபோச்சு.”

பிரேக்குக்குக் கால் போனபோதே வலது பக்கம் சாய்ந்த இஸ்மாயில், இன்னும் ஜெபமணியின் தோளில்தான் இருந்தான்.